நீதிபதியின் நாற்காலி

கோர்ட்டை வைத்துக் கதை எழுதுவது சுலபம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. வாதி ஒரு பக்கம், பிரதிவாதி ஒரு பக்கம், உயரத்தில் நியாயாதிபதி. பாத்திரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கூட ஆசிரியன் யோசிக்க வேண்டியதில்லை; சர்க்காரே இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. கூண்டில் ஏறி கதாநாயகன் ஒரு பிரசங்கம் செய்துவிட்டானானால் அத்தியாயம் முடிந்துவிடும். நானும் இரண்டொரு அத்தியாயங்கள் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தை எனக்கு உண்டாக்கியது ஒரு சினிமா. அஸ்கர் ஃபர்ஹாதி என்ற ஈரானிய டைரக்டர் 2011-ல் எடுத்த படம். வெளிநாடுகளில் 'ஒரு பிரிவு' என்று அதற்குப் பெயர். பாரசீகத்தில் 'நாதிர் சிமினைப் பிரிந்தது' என்பது போல நீளமாக இருக்கும். பெர்லினில் அந்த வருஷம் தங்கக் கரடிப் பரிசு பெற்றது. மறு வருஷம் அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசும் பெற்றது. பரிசுகளைப் பற்றி எனக்கு அதிக மரியாதை கிடையாது. தவறான காரணங்களுக்காகத்தான் பெரும்பாலும் சரியான படத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் இந்தப் படத்தின் முதல் காட்சியை நாலைந்து தடவை பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். மனைவி சிமின் விவாகரத்துக் கேட்கிறாள். புருஷன் கெட்டவன் என்பதற்காக அல்ல. அவன் நல்லவன் என்று அவளே சொல்கிறாள். வெளிநாடு போக விசா கிடைத்திருக்கிறது, நாற்பது நாளில் அது காலாவதியாகிவிடும், மகளை இந்தச் சூழ்நிலையில் வளர்க்க அவளுக்கு விருப்பமில்லை. எந்தச் சூழ்நிலை என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் பதில் சொல்வதில்லை. புருஷன் நாதிருக்கோ, ஞாபகம் அழிந்துபோன தகப்பனாரை விட்டுவிட்டுக் கிளம்ப மனமில்லை. கிழவருக்கு மகனைத் தெரியவா போகிறது என்கிறாள் அவள். எனக்கு அவரைத் தெரிகிறதே என்கிறான் அவன். உங்கள் தகராறு சின்னத் தகராறு என்று சொல்லிக் குரல் கேஸைத் தள்ளிவிடுகிறது.

அந்தக் குரல் நீதிபதியுடையது. அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. காமிரா அவருடைய நாற்காலியில் இருக்கிறது. அதாவது, டிக்கெட் வாங்கிக்கொண்டு போன நம்மை டைரக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிவதில்லை. யார் பக்கம் நியாயம் என்று சொல்லவும் முடிவதில்லை.

டெஹ்ரானில் அந்த நாற்காலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தெரியாமல் பார்த்தால் படம் நல்ல குடும்பக் கதையாக மட்டுமே படும். நான் சட்டம் படித்தவனல்ல. ஒரு கதையைப் புரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குத் தேடிப் படித்தேன். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஷாவின் ஆட்சியில் 1967-ல் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆண்பிள்ளை நினைத்த மாத்திரத்தில் மனைவியைத் தள்ளி வைக்க முடியாது, கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1975-ல் அதை இன்னும் இறுக்கி, பெண்ணுக்குக் கல்யாண வயது பதினெட்டு என்று வைத்தார்கள். 1979 பிப்ரவரியில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அந்தச் சட்டம் ஷரீஅத்துக்கு விரோதமானது, இனிச் செல்லாது என்று ஆயத்துல்லா கொமேனியின் காரியாலயத்திலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. நாடு இஸ்லாமியக் குடியரசு ஆக வேண்டுமா என்று ஜனங்களிடம் வாக்குக் கேட்டது மார்ச் மாதக் கடைசியில்தான். புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது டிசம்பரில். நாட்டுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்னாலேயே கணவன் மனைவி விவகாரத்தில் கை வைத்தாயிற்று.

இதை நான் ஒரு கதாசிரியனாகத்தான் கவனிக்கிறேன். ஆட்சி மாற்றம் என்றால் நாம் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தையும், கவிழ்க்கப்பட்ட சிலையையும், விமானத்திலிருந்து இறங்கிய தலைவரையும் எழுதுகிறோம். வீட்டுக்குள்ளே அது எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது நம் எழுத்தில் வருவதில்லை. ஈரானில் அது குடும்பக் கோர்ட்டின் வாசல் வழியாக நுழைந்தது. பிறகு வந்தது கல்யாண வயது: பெண்ணுக்குச் சந்திரக் கணக்கில் ஒன்பது வருஷம் நிறைந்தால் போதும் என்று ஆயிற்று. 2002-ல் அதைப் பதின்மூன்றாக உயர்த்தினார்கள்; அதற்கும் கீழே வேண்டுமானால் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள்.

நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதும் 1979-லேயே மாறிவிட்டது. இதற்குச் சாட்சி ஷிரின் எபாடி அம்மையார். 2003-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பரிசு பெறுவதற்கு வெகு காலம் முன்பு, ஷாவின் காலத்தில், டெஹ்ரான் நகரக் கோர்ட்டு ஒன்றுக்குத் தலைமை வகித்த நீதிபதி. புரட்சிக்குப் பிறகு பெண் நீதிபதியாக இருக்கக் கூடாது என்று சொல்லி, தாம் தலைமை வகித்த அதே கோர்ட்டில் அவரைக் குமாஸ்தாவாக உட்கார வைத்தார்கள். 2006-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். அஸாதே மொவாவெனி என்ற பத்திரிகை எழுத்தாளர் உடன் இருந்து எழுதிய புஸ்தகம் அது. அந்தப் புஸ்தகம் அச்சாவதற்கே ஒரு வழக்குத் தேவைப்பட்டது என்பது தனிக் கதை. ஈரானோடு வியாபாரம் கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் ஈரானியர் எழுதிய புஸ்தகத்தையும் தடுத்தது. 2004-ல் அமெரிக்க சர்க்காரின் மேலேயே வழக்குத் தொடுத்தார் அம்மையார். அதற்குப் பிறகுதான் விதி தளர்ந்தது.

புஸ்தகத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இலக்கியமாக அது இரண்டாந்தரம். வெளிநாட்டு வாசகனின் கையைப் பிடித்துக்கொண்டு, இது மசூதி, இது கடைத்தெரு என்று காட்டிக்கொண்டே போகிறது. ஆசிரியை தம்மைத் தாமே சந்தேகிக்கும் இடங்கள் குறைவு. சுயசரிதை எழுதுகிற தைரியசாலிகளுக்கெல்லாம் உள்ள குறை இது. கோழைகள்தான் நல்ல சுயசரிதை எழுதுகிறார்கள். ஆனால் புஸ்தகத்தில் மூன்று இடங்களை எந்த நாவலாசிரியனும் பொறாமைப்பட்டுத்தான் படிக்க வேண்டும்.

முதலாவது, புரட்சிக்கு முந்திய நாட்களில் நடந்தது. நீதி இலாகாவைச் சேர்ந்த சிலர் கூட்டமாகக் கோஷம் போட்டுக்கொண்டு மந்திரியின் அறைக்குள் புகுகிறார்கள். அவர்களில் எபாடியும் ஒருவர். அறையில் மந்திரி இல்லை. வயதான நீதிபதி ஒருவர் இருக்கிறார். அவர் எபாடியைப் பார்த்துத் திகைத்துப் போகிறார். இவர்கள் வந்தால் முதலில் போவது உன் உத்தியோகம்தானே அம்மா, நீ எதற்கு இவர்களோடு வந்தாய் என்கிற பாவனையில் கேட்கிறார். எபாடி ரோஷமாக ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கிழவர் சொன்னதுதான் நடந்தது. அந்தக் கிழவரை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். ஷாவின் ஆட்சியைக் காப்பாற்றவும் அவருக்கு மனமில்லை. வரப்போவதைப் பற்றி மயக்கமும் இல்லை. அத்தகைய மனிதர்களைப் புரட்சியின் சரித்திரங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, பதவி பறிக்கப்படுகிற காட்சி. எபாடி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மேஜையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நிற்கிறார். இன்ன இலாகாவில் போய் வேலை ஒப்புக்கொள் என்று ஒரு காகிதத்தை மேஜை மேல் நகர்த்துகிறார்கள். பெண்களுக்கு மனம் நிலையில்லை, உணர்ச்சிவசப்பட்டவர்கள், நீதிபதி வேலைக்கு லாயக்கில்லை என்பது அந்தக் காலத்து வாதம். அந்த அறையில் அன்று உணர்ச்சிவசப்படாமல் நின்றது ஒரே ஒரு ஆள்தான் என்று தோன்றுகிறது.

மூன்றாவதைப் படித்துவிட்டு நான் புஸ்தகத்தை மூடி வைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. புதிய தண்டனைச் சட்டத்தின் விவரம் பத்திரிகையில் வருகிறது. பெண்ணின் உயிருக்கு ஆணின் உயிரில் பாதி விலை. கோர்ட்டில் அவள் சாட்சியத்துக்கும் அப்படியே. வீட்டில் எபாடிக்கும் கணவருக்கும் இடையே எந்தச் சண்டையும் கிடையாது. இருந்தாலும் முதல் நாள் வரை சரிசமமாக இருந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் சட்டம் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டது. எபாடிக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் கணவரிடம் கேட்கிறார்: விவாகரத்து உரிமையையும் குழந்தையை வைத்துக்கொள்ளும் உரிமையையும் எனக்கு எழுதிக் கொடுங்கள். அவர் சரி என்கிறார். இருவரும் பத்திரம் பதிகிறவரிடம் போகிறார்கள். அந்த மனிதர் கணவரை ஏற இறங்கப் பார்க்கிறார். உமக்குப் பைத்தியமா என்று கேட்காத குறை. கணவரோ, தம் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் இதைச் செய்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கணவர் புஸ்தகத்தில் மொத்தமாக ஏழெட்டுப் பக்கம் வந்தால் அதிகம். ஆனாலும் எனக்கு நினைவில் நிற்பது அவர்தான். அன்பையும் பத்திரம் எழுதித்தான் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை ஒரு வீட்டுக்கு வந்தால், வந்ததை வந்தபடி ஏற்று, கையெழுத்தும் போட்டு, போகிற வழியில் ஒரு ஹாஸ்யமும் சொல்கிற மனிதர். இன்னும் கொஞ்சம் அவரைப் பற்றி எழுதியிருக்கலாம்.

ஹாஸ்யத்துக்கு இடமே இல்லாத வழக்கு ஒன்றையும் அம்மையார் எழுதியிருக்கிறார். 1992-ல் வக்கீலாகத் தொழில் செய்ய அனுமதி கிடைத்த பிறகு எடுத்துக்கொண்டது. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியை 1996-ல் மூன்று பேர் கெடுத்துக் கொலை செய்துவிட்டார்கள். ஒருவன் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டான். மற்ற இருவருக்கும் மரண தண்டனை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி, பெண்ணைக் கொன்ற ஆணைத் தூக்கில் போட வேண்டுமானால், இரு உயிர்களின் விலையிலும் உள்ள வித்தியாசத்தைப் பெண் வீட்டார்தான் கொலையாளியின் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும். பெண்ணைப் பறிகொடுத்த ஏழைக் குடும்பம் சொத்தையெல்லாம் விற்றது. அப்போதும் போதவில்லை. தகப்பன் தன் சிறுநீரகத்தை விற்கப் போனான் என்று படிக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போக மறுக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, மதம் என்றால் இதுதான், முல்லாக்கள் வந்தால் இதுதான் என்று முடிவு கட்டுவது எளிது. மேல் நாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1936-ல் ஷாவின் தகப்பனார் ரேஸா ஷா, பெண்கள் பர்தாவைக் களைய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தெருவில் போலீஸ்காரன் கிழவிகளின் தலைத் துணியை இழுத்துப் பறித்தான். வீட்டை விட்டு வெளியே வரவே மறுத்து எத்தனையோ பெண்கள் உள்ளேயே அடைந்து கிடந்தார்கள். அவர்களுடைய பேத்திகளுக்கு 1979 வேறு விதமாகப் பட்டிருக்கும். சர்க்கார் ஒரு தலைமுறையில் முக்காட்டைப் பிடுங்கிற்று. அடுத்தடுத்த தலைமுறையில் முக்காடு போடாவிட்டால் தண்டனை என்றது. இரண்டு தடவையும் யாரும் அந்தப் பெண்களைக் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1998-ல் வெளிவந்த ஒரு செய்திப் படம், 'ஈரானிய பாணியில் விவாகரத்து' என்பது. ஜிபா மிர்ஹொசைனி என்ற ஈரானிய மானிடவியல் அறிஞரும் கிம் லாங்கினாட்டோ என்ற ஆங்கிலப் பெண்மணியும் சேர்ந்து டெஹ்ரான் குடும்பக் கோர்ட்டு ஒன்றுக்குள் காமிராவை வைத்து எடுத்தது. கோர்ட்டுக்குள் நுழைய ஆணுக்கு ஒரு வாசல், பெண்ணுக்கு ஒரு வாசல். பெண்கள் வாசலில் முகப்பூச்சைத் துடைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே தலைப்பாகையோடு ஒரு நீதிபதி. அவர் கொடியவர் அல்ல. சலித்துப் போன, பொறுமையான, கொஞ்சம் நகைச்சுவை உணர்ச்சியும் உள்ள மனிதர். யாராவது விவாகரத்து என்றால் சமாதானமாகப் போங்கள் என்கிறார்.

அவர் எதிரே வந்து நிற்கிற பெண்கள்தான் அதிசயம்! பதினாலு வயதில், தன்னை விட இருபது வயதுக்கு மேல் மூத்தவனுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு பதினாறு வயதுப் பெண் வருகிறாள். சட்டம் அவள் பக்கம் இல்லை. ஆனால் நிக்காஹ்வில் எழுதிய மஹர் தொகை அவளுக்குச் சேர வேண்டியது. கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரே ஆயுதத்தை அவள் நீட்டுகிறாள், மடக்குகிறாள், மறுபடி நீட்டுகிறாள். மார்க்கெட்டில் நாற்பது வருஷம் பேரம் பேசின கிழவி தோற்றுப் போவாள். புருஷன் தரப்பு ஆண்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொருத்தி கோர்ட்டு உத்தரவையே கிழித்துப் போட்டுவிட்டு, நானா கிழித்தேன் என்று நீதிபதியையே கேட்கிறாள். நீதிபதி படம் எடுக்க வந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்! ஷரீஅத்தின் கீழ் நசுங்கிப் போன ஊமைகளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏமாந்து போயிருப்பார்கள்.

அந்தப் படத்தில் கோர்ட்டுக் குமாஸ்தாவாக ஒரு பெண்மணி. அவளுடைய சின்ன மகளும் கூட வந்திருக்கிறாள். நீதிபதி எழுந்து போன சமயத்தில் குழந்தை அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவரைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு, மேஜையைத் தட்டி, கண்ணுக்குத் தெரியாத புருஷன் ஒருவனை விசாரிக்கிறது. உன் மனைவியை ஏன் சரியாக நடத்தவில்லை என்று அவனை அதட்டுகிறது. எபாடி அம்மையாரை இறக்கிவிட்ட நாற்காலி வகையைச் சேர்ந்ததுதான் அதுவும். குழந்தை அரசியல் பேசவில்லை, விளையாடுகிறது. இதைக் கற்பனையில் எழுதியிருந்தால், மிகவும் பொருத்தமாக இருக்கிறது, அடித்துவிடு என்று என் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள்.

இனி ஃபர்ஹாதிக்கு வருகிறேன். விவாகரத்துக் கேஸ் தள்ளுபடியானதும் சிமின் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். கிழவரைப் பார்த்துக்கொள்ள நாதிர் ஒரு ஏழைப் பெண்ணை வேலைக்கு வைக்கிறான். ரஸியா என்று பெயர். கர்ப்பிணி. புருஷன் ஹொஜ்ஜத், வேலை போய்க் கடனில் மூழ்கினவன். மனைவி அந்நிய ஆண் இருக்கிற வீட்டில் வேலை செய்வது அவனுக்குத் தெரியாது. சிறு மகளையும் கூட்டிக்கொண்டு வெகு தூரத்திலிருந்து வருகிறாள். முதல் நாளே கிழவர் துணியை நனைத்துவிடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுத் துணி மாற்றலாமா, பாவமா? அவளுக்குத் தெரியவில்லை. டெலிபோனை எடுத்து, மார்க்க விஷயங்களுக்குப் பதில் சொல்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். அவசரம்தான், வேறு யாரும் இல்லை என்று கெஞ்சுகிறாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று குழந்தை தைரியம் சொல்கிறது.

மேல் நாட்டுத் தியேட்டர்களில் அந்த இடத்தில் சிரித்தார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். சிரிக்க அதில் என்ன இருக்கிறது? படம் முழுவதும் மதம் என்பது அந்த ஒரு டெலிபோனில்தான் உயிரோடு இருக்கிறது. கோர்ட்டில் இருப்பது சட்டம். பைல், முத்திரை, ஜாமீன். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஷரீஅத் என்று.

பிறகு நடப்பதை வாசகர்கள் படம் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது; என்றாலும் கொஞ்சம் சொல்லாமல் தீராது. ஒரு நாள் நாதிர் வீடு திரும்பும்போது கிழவர் கட்டிலோடு கை கட்டப்பட்டுக் கீழே விழுந்து கிடக்கிறார், ரஸியா இல்லை, பணமும் குறைகிறது. அவள் திரும்பி வந்ததும் ஆத்திரத்தில் அவளைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறான். கரு கலைந்துவிடுகிறது. நாதிர் மீது கொலைக் குற்றம்.

கருவுக்கு ஏன் கொலைக் குற்றம்? இங்கேதான் பழைய நூல்களின் கணக்கு வருகிறது. உயிருக்கு ஈடு, பாரசீகத்தில் 'தியே', முழு மனிதனுக்கு நூறு ஒட்டகம், அல்லது இருநூறு மாடு, அல்லது ஆயிரம் ஆடு, அல்லது ஆயிரம் தினார் பொன் என்றெல்லாம் கணக்கு. 1982-ல் ஈரானியச் சட்டத்தில் இந்தப் பட்டியலை அப்படியே எழுதினார்கள். கருவுக்கோ படிப்படியாக இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு தினார்; நாலு மாதம் கடந்து உயிர் புகுந்ததென்றால் முழு ஈடு. புனித மாதங்களில் உயிர் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நடைமுறையில் நீதி இலாகா வருஷத்துக்கு வருஷம் இதை ரூபாய் அணா மாதிரி நாட்டு நாணயத்தில் மாற்றி விலை அறிவித்தது. பெண்ணுக்குப் பாதி என்பதை 2019-ல் சரிக்கட்ட வழி செய்தார்கள். மீதிப் பாதியைச் சர்க்கார் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று.

இந்தக் கணக்கை நான் ஏளனம் செய்வதாக நினைக்கக் கூடாது. பாலைவனத்தில் ஒரு கொலைக்குப் பத்துக் கொலை என்று பழிவாங்கிக்கொண்டிருந்த குலங்களிடையே, ஒட்டகத்தைக் கொடுத்துப் பகையை முடி என்று சொன்னது பெரிய காரியம். ஒரு காலத்தில் ரத்தத்தை நிறுத்திய ஏற்பாடு டெஹ்ரானில் அடுக்கு மாடி வீட்டுக்குள் வந்ததும் எப்படி மாறுகிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது. பாங்கியில் வேலை பார்க்கிறவனும் வேலை இழந்த செருப்புத் தைக்கிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து செத்த சிசுவின் விலையைப் பேசுகிறார்கள். வட்டிக் கடன்காரர்கள் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். யாரும் ராக்ஷஸன் அல்ல. விசாரணை அதிகாரி கூட நியாயமான மனிதர்தான்; கூச்சல் போட்டால் வெளியே அனுப்புவேன் என்பதற்கு மேல் கொடுமை செய்வதில்லை. நாதிர் பொய் சொல்கிறான், கர்ப்பம் தெரியாதென்று. அப்பாவைக் காப்பாற்ற மகள் தெர்மேயும் பொய் சொல்கிறாள். தெரிந்தது தெரியாது என்று சட்டத்தில் பிரித்திருப்பதால், பொய் சொல்லாமல் யாராலும் அந்த அறையை விட்டு வெளியே வர முடிவதில்லை.

பேரம் முடிந்து செக் எழுதும் நேரம். நாதிர் ஒன்றே ஒன்று கேட்கிறான்: நான் தள்ளியதால்தான் கரு கலைந்தது என்று ரஸியா குர்ஆன் மேல் சத்தியம் செய்யட்டும். அவளோ முதல் நாள் தெருவில் ஓடிப்போன கிழவரைப் பிடிக்கப் போய்க் கார் மோதி விழுந்தவள். வலி அன்று ராத்திரியே ஆரம்பித்தது. அவளுக்குச் சந்தேகம். சந்தேகத்தோடு அந்தப் பணத்தை வாங்குவது ஹராம். குழந்தைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். புருஷன் சமையல் அறைக்குள் வந்து கெஞ்சுகிறான், பாவம் என் தலையில் இருக்கட்டும் என்கிறான். அவள் முடியாது என்கிறாள். அவன் தன்னைத்தானே முகத்தில் அறைந்துகொண்டு வெளியே ஓடுகிறான். கடன் அடையவில்லை, குடும்பமும் நொறுங்கிவிட்டது.

அந்தச் சமையல் அறையில் ரஸியா சத்தியம் செய்திருந்தால் கோர்ட்டு அவளை நம்பியிருக்கும். சட்டத்தின் பாஷையில் அவளுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. முழு நாட்டின் சட்டத்தையும் குர்ஆனின் பெயரால் மாற்றி எழுதி முப்பது வருஷம் ஆன பிறகு, குர்ஆனுக்குப் பயப்படுகிற ஒரே பாத்திரம் சர்க்காரிடமிருந்து ஒரு காசும் பெறாமல் போகிறது. நாதிருக்கு அவள் பயம் தெரியும். அந்தப் பயத்தை அவன் உபயோகித்துக்கொள்கிறான். அவன் நம்மைப் போன்றவன்: படித்தவன், நல்ல மகன், மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். அது எனக்கு மிகவும் உறுத்திற்று.

1988 ஜனவரியில் ஆயத்துல்லா கொமேனி எழுதிய கடிதம் ஒன்று பிரசித்தமானது. இஸ்லாமிய அரசாங்கத்தின் அதிகாரமே முதன்மையான கட்டளை, அவசியப்பட்டால் தொழுகை, நோன்பு, ஹஜ் இவற்றுக்கும் அது மேலானது என்ற கருத்தை அதில் சொன்னார். பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டங்களை, மார்க்கத்துக்குப் பொருந்தவில்லை என்று காவலர் சபை திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அடுத்த மாதமே இன்னொரு சபை ஏற்படுத்தித் தீர்த்தார்கள். நடைமுறைக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்தக் கடிதத்தையும் ரஸியாவின் டெலிபோனையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஆட்சியின் தேவைக்குத் தகுந்தபடி விதி வளையும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். கிழவரின் நனைந்த துணியை மாற்றலாமா என்று தெரியாமல் நிற்கிறவளுக்குத் தெரியாது.

படத்தில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. கார் மோதியதை டைரக்டர் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறார். அவள் தெருவைக் கடக்க நிற்கும்போது காட்சியை வெட்டி அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்தவர் சாட்சியை ஒளித்து வைப்பது என்ன நியாயம்? இது துப்பறியும் கதைக்காரனின் தந்திரம். இவ்வளவு நேர்மையான கதைக்கு அது தேவையில்லை. சிமினும் பாதியில் நின்றுவிடுகிறாள். அவளுடைய பிடிவாதம் தெரிகிற அளவுக்கு அவள் துக்கம் தெரிவதில்லை. லைலா ஹாதமி என்ற நடிகை கண்களால் சமாளிக்கிறார். அதற்கு நன்றி நடிகைக்கு, ஆசிரியருக்கு அல்ல.

சிமினைப் பற்றி ஒரு விஷயம். தன் வீட்டுக்குள்ளே, புருஷன் எதிரே, அவள் தலையில் துணி இருக்கிறது. வாஸ்தவத்தில் எந்த வீட்டிலும் அப்படி இருக்காது. திரையில் இருப்பவளை அந்நிய ஆண்கள் பார்க்கிறார்களே, அதனால் ஈரானியப் படங்களில் விதி அப்படி. கணவனாக நடிப்பவனும் மனைவியாக நடிப்பவளும் தொட்டுக்கொள்ளக் கூடாது. பதினாலு வருஷம் வாழ்ந்த தம்பதிகள் பிரிகிற கதை. ஒரு தடவை கூட அவன் அவள் தோளில் கை வைக்க முடியாது! இந்த விலங்கோடுதான் ஃபர்ஹாதி படம் எடுத்தார். 2010-ல், நாட்டை விட்டுப் போன, தடை செய்யப்பட்ட சக டைரக்டர்களுக்காக மேடையில் பரிந்து பேசிவிட்டார் என்று இந்தப் படத்துக்குக் கொடுத்த அனுமதியையே நிறுத்தி வைத்து, அவர் விளக்கம் சொன்ன பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். படம் நின்று போயிருக்கக் கூடியதுதான். ஆனால் அந்தத் தொடாமையைக் குறையாக விடாமல் கதைக்கே பொருளாக்கிவிட்டார். நாதிர் தகப்பனாரைக் குளிப்பாட்டுகிறான். முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே குமுறி அழுது அந்த முதுகின் மேலேயே சாய்ந்துவிடுகிறான். மனைவியிடம் அழ முடியாத அழுகை அது.

கடைசிக் காட்சி மறுபடி கோர்ட்டு. எல்லோரும் கறுப்பு உடையில் இருக்கிறார்கள். கிழவர் போய்விட்டார் என்று நாமாகத் தெரிந்துகொள்கிறோம். தெர்மே அப்பாவோடு இருப்பதா, அம்மாவோடு இருப்பதா என்று அவளே சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினோரு வயது. சந்திரக் கணக்கில் ஒன்பது வருஷம் நிறைந்த பெண் பருவம் எய்தியவள் என்பது சட்டம்; ஆகையால்தான் அவளைக் கேட்கிறார்கள். நம் கண்ணுக்கு அவள் பள்ளிக்கூடப் பையோடு வந்த குழந்தை. இதே கணக்கைக் கொண்டுதான் அவளைக் கட்டிக் கொடுக்கவும் முடிந்தது, குற்றம் செய்தால் பெரியவளாக விசாரிக்கவும் முடிந்தது. இந்த அறையில் மட்டும் அது அவளுக்கு ஒரு மரியாதையைக் கொடுக்கிறது, சுமக்க முடியாத மரியாதை.

முடிவு செய்துவிட்டாயா என்று குரல் கேட்கிறது. செய்துவிட்டேன் என்கிறாள். கண்ணில் நீர் வழிகிறது. அம்மாவும் அப்பாவும் வெளியே இருக்கட்டுமா என்று குரல் கேட்கிறது. இருக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள். இருவரும் எழுந்து தாழ்வாரத்துக்குப் போகிறார்கள். நடுவிலே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வேறு ஜனங்கள் தங்கள் தங்கள் வழக்குகளோடு குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள். காமிரா நம்மையும் நாற்காலியிலிருந்து எழுப்பித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று நமக்குச் சொல்லவில்லை. பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.